தலைக்கோடரியும் நீத்துப்பூசணியும்

ஒஸ்லோவின் கிழக்கே ஒரு பாடசாலை மண்டபம் இருக்கிறது. அதன் மேடையில், முன்னாலிருந்து எண்ணினால் ஐந்தாவது பலகையில், சுண்டுவிரல் நுழையுமளவு ஒரு துளை. மேடை போட்ட தச்சரின் கவனக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பாவம் அந்த மனுசன். துளையைப் போட்டவள் நான். போட்ட நேரத்தில் எனக்குப் பத்துக் கைகள் இருந்தன. (எட்டு கடதாசி மட்டையில் வெட்டியவை, இரண்டு சொந்தக் கைகள். குற்றம் செய்தவை சொந்தக் கைகள்தான்.)

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். கைதட்டல் வரப்போகிறது என்று தெரிந்தால் பதினொன்றாவதும் பறக்கும். அதுதான் புத்தி.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. வசனகவிதை எழுதுகிறவள் என்ற பெயர் ஒஸ்லோத் தமிழரிடையே மெல்லப் பரவியிருந்தது. கவிதை பரவவில்லை, பெயர் மட்டும். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் எனக்குள் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கடல் தேவைப்பட்டது. கிடைத்தது நவராத்திரி வாணி விழா.

எங்கள் வாணி விழாவில் ஆறு வருடங்களாகத் துர்க்கையாக நடித்தவரின் கணவருக்கு ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி வேலை கிடைத்தது. துர்க்கை குடிபெயர்ந்தார். நாடகம் பழக்கும் குணம் அண்ணை, பஸ் ஓட்டுகிற வேலை முடிந்த கையோடு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, இந்தமுறை நீர்தான் அம்மன். உமக்குக் கண் பெரிசு. குரல் அதைவிடப் பெரிசு."

நான் யோசிப்பதாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஓம் என்றும் சொல்லிவிட்டேன்.

மகிடாசுரன் என் கணவர் சிறி. எருமைக் கொம்புக்கு வழி தேடி, உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற பிளாஸ்டிக் வைக்கிங் தொப்பி ஒன்றை வாங்கிக் கறுப்பு அடித்துப் போட்டுக்கொண்டார். பதினாலு வயது மகள் அபி சிங்கம். அவள் அந்த வாலைக் கட்டிய நாளிலிருந்து ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னாள். "ஃப்ளவுட்." (மானம்போகிற சங்கதி என்பதற்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாவிக்கும் நோர்வேஜியச் சொல். பெற்றோர் அருகில் நின்றாலே பொருந்தும்.)

ஒத்திகையில்தான் வினை தொடங்கியது. வெள்ளித்தாள் ஒட்டிய என் மட்டைச் சூலம் சிறியின் கொம்பில் பட்டு, வெயிலில் வைத்த வாழைப்பழம்போல் வளைந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சிங்கம்கூடச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தேவியின் கையில் வளைகிற ஆயுதமா? அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்: உண்மையான இரும்பு வேண்டும்.

இரும்பு எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மரிசெல் என்னோடு அதே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கு மலைகளில், கலிங்கா என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். அவள் வீட்டு வரவேற்பறைச் சுவரில், கண்ணாடி போட்ட குடும்பப் படங்களுக்கு நடுவே, அவளுடைய அப்பாவின் தலைக்கோடரியும் ஒரு மரக் கேடயமும் தொங்கும். கோடரியின் அலகு பிறைபோல உள்வளைந்து ஒரு பக்கம் நீண்டிருக்கும்; அதன் முதுகில் இன்னொரு கூர், பறவையின் அலகுபோல. கேடயத்துக்கு மேலே விரல்போல நீண்ட மூன்று முனை, கீழே இரண்டு முனை. மேல் மூன்றும் எதிரியின் காலை இடறவாம். கீழ் இரண்டும் விழுந்தவனின் கழுத்தை நிலத்தோடு அமர்த்தவாம். முதல் நாள் அதைப் பார்த்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, எல்லாரும் கேட்கிற அதே கேள்விதான்.

"இதாலை எத்தினை தலை போயிருக்கும்?"

(நாங்கள் பேசிக்கொள்வது நோர்வேஜிய மொழியில். அதை என் தமிழிலேயே தருகிறேன். மரிசெல் மன்னிக்க வேண்டும். அவளுடைய நோர்வேஜியம் என்னுடையதைவிட நல்லது.)

மரிசெல் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "அப்பா இதாலை விறகு கொத்தினவர். பண்டி இறைச்சி வெட்டினவர். செங்குத்தான மலையிலை ஏறேக்கை இந்தக் கூர் முனையை மண்ணிலை குத்திப் பிடிச்சு ஏறினவர். தலையைப் பற்றிக் கேக்கிற ஆக்கள், விறகைப் பற்றிக் கேக்கிறேல்லை."

யாழ்ப்பாணம் என்றதும் குண்டையும் சண்டையையும் மட்டும் விசாரிப்பவர்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வரும்! அந்தக் கோபத்தோடு அன்று என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போடவில்லை. மாறாக, வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினேன். ஒரு கிழமையில் நான் பிலிப்பைன்ஸ் ஆயுதங்களில் பண்டிதையானேன். மிண்டனாவோ தீவின் கம்பிலான் என்ற நீள்வாள், நுனிக்குப் போகப்போக அகலுமாம். தௌசுக் மக்களின் பாரோங் வாள் வெற்றிலை வடிவமாம். அலையலையாக நெளியும் கிரிஸ் வாள். ஐத்தா மக்களின் வில்லும் அம்பும். ஒத்திகையில் சிறி செத்துக் கிடக்கிற இடைவெளியில் இதையெல்லாம் அவருக்கு விளக்குவேன்.

"இஞ்சேரும்," என்பார் அவர் தரையில் கிடந்தபடி, "கொல்லுறதெண்டால் கொல்லும். வகுப்பு எடுக்காதேயும்."

கோடரியை இரவல் கேட்கப் போனபோது மரிசெல் சுவரருகே போனாள். அதைக் கழற்றி, மடியில் வைத்து, கைபிடியைத் துடைத்தாள்.

"சனிக்கிழமை என்ரை பெறாமகள், அக்காவின்ரை மகளுக்குக் கல்யாணம். நாலு மணிக்கு விருந்து. முதல் இறைச்சித்துண்டை இந்தக் கோடரியிலைதான் வெட்டுவம். எங்கடை குடும்ப வழக்கம். வெட்டப்போறது நான். உன்ரை நாடகம் எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்குத் தொடங்குது. பன்ரண்டு மணிக்குக் கோடரி உன்ரை கையிலை."

ஒரு தமிழ் விழாவின் அழைப்பிதழில் போட்டிருந்த நேரத்தை ஒரு வெளியாளுக்கு உறுதிமொழியாகக் கொடுத்த முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

"இன்னொண்டு," என்றாள் மரிசெல். "இதைச் சும்மா நிலத்திலை ஊன்றக்கூடாது. ஊன்றினால் ஏதாவது வெட்டவேணும். வெட்டாமல் பிடுங்கினால் அதுக்குக் கோபம் வரும். அப்பா அப்பிடித்தான் சொல்லுவார்."

"அதுக்கென்ன!" என்றேன் நான். என் வாழ்க்கையின் பெரிய விபத்துகளுக்கெல்லாம் இந்த இரண்டு சொல்தான் முன்னுரை.

கோடரியோடு ஒஸ்லோவில் நடமாடினால் போலீஸ் கதை கேட்கும். ஆனால் பனிச்சறுக்குப் பையோடு நடமாடினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடரியையும் கேடயத்தையும் பழைய சேலையில் சுற்றி, சறுக்குப் பலகைப் பைக்குள் வைத்து, ஐந்தாம் இலக்க மெட்ரோவில், மண்டபம் இருக்கும் வெஸ்ட்லிக்குக் கொண்டுவந்தேன். ஒக்டோபர் மாதம், வெளியே மழை, பொட்டுப் பனி இல்லை. எதிரே இருந்த முதியவர் என் பையைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"எங்கே பனி விழுந்திருக்கிறது?" என்றார் ஏக்கத்தோடு.

"மேலே," என்றேன் நான். தேவிக்குரிய விடை.

விழா நாள் வந்தது. பத்து மணிக்கு மண்டபத்தில் ஐந்து பேர் இருந்தோம். அதில் இருவர் கதிரை அடுக்குபவர்கள். பதினொன்றுக்கு ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. பன்னிரண்டுக்கு ஒலிவாங்கி வேலை செய்தது. அதனால் பேச்சுகள் தொடங்கின. அதுதான் இன்னும் மோசம். சிறப்பு விருந்தினர் பாடசாலை மாறி வேறொரு மண்டபத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அவரை மீட்டுக்கொண்டுவர ஒரு மணியானது. என் இடுப்புக்குள் செருகியிருந்த தொலைபேசி துடித்துக்கொண்டேயிருந்தது. மரிசெல். மரிசெல். மரிசெல். "கொஞ்சம் பொறு" என்று ஒரு செய்தி அனுப்பினேன். பத்துக் கைகள் இருந்தும் அதற்குமேல் தட்ட முடியவில்லை.

ஒன்றரைக்குத் திரை திறந்தது.

அப்போது நான் அழகாக இருந்தேன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். சிவப்புச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், வலக்கையில் மலைகளைக் கடந்து வந்த இரும்பு. மத்தளம் முழங்கியது. மகிடாசுரன் மேடையைச் சுற்றி ஓடினார். சிங்கம் உறுமவேண்டிய இடத்தில் பெருமூச்சு விட்டது. அசுரன் விழுந்தார். குணம் அண்ணை பழக்கியபடி நான் ஆயுதத்தால் அவர் மார்பை மெல்லத் தொட்டால் போதும்.

மெல்லத் தொடுவதா? சபையில் முந்நூறு கண்கள் எரிகின்றன. எனக்கு ஒரு ஓசை வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஓசை. யுகத்தின் கதவு மூடுகிற ஓசை. கூரிய அலகு கணவர் பக்கம் போகக்கூடாது என்ற இரக்கத்தில் கோடரியைத் திருப்பிப் பிடித்தேன். (இதைக் கவனிக்கவும். அந்த நேரத்திலும் நான் நல்ல மனைவி.) முதுகுக் கூர் கீழே. ஓங்கினேன். அவருடைய காதுக்கு ஒரு முழம் தள்ளி, பலகையில் இறக்கினேன்.

டக்.

ஓசை வந்தது. கோடரி வரவில்லை.

இழுத்தேன். அசையவில்லை. புன்னகையோடு இழுத்தேன். பல்லைக் கடித்து இழுத்தேன். மட்டைக் கைகளில் இரண்டு கழன்று விழுந்தன.

"என்னப்பா செய்யுறீர்?" என்றது கீழே கிடந்த அசுரப் பிணம்.

"இறுகிப்போச்சு."

"அப்ப விட்டிட்டு வாரும். எனக்கு மூக்குக் கடிக்குது, சொறியவேணும்."

விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் கவிஞர் அல்லவா. தோல்வியை வசனமாக்கத் தெரிந்தவள் அல்லவா. சபையின் பக்கம் திரும்பினேன். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"இதோ, ஊன்றினேன்! இப்பனி தேசத்தின் நெஞ்சில் என் ஆயுதத்தை ஊன்றினேன்! இனி இதை அசைப்பவர் எவர்? என் பிள்ளைகள் வாழும் இடமே என் கோயில்!"

மண்டபம் எழுந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டலை என் கவிதைகள் இன்றுவரை கேட்டதில்லை. முன்வரிசையில் யாரோ அரோகரா என்றார்கள். திரை மூடியது. நான் வெற்றியில் மிதந்தேன், சரியாக அரை நிமிடம்.

சபையிலிருந்து திரைக்குள்ளே முதலில் வந்தவர் பாக்கியம் மாமி. அன்னதானச் சமையலுக்குத் தலைவி. விரதம், பூசை, தீட்டு எல்லாவற்றுக்கும் ஒஸ்லோவின் மேல்நீதிமன்றம். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், செவ்வந்திப் பூ. நான் வாய் திறப்பதற்குள் கோடரிக்குப் பொட்டு வைத்து, பூச் சாத்தி, கற்பூரமும் கொளுத்திவிட்டார். பின்னால் கும்பிட ஒரு வரிசை வந்துவிட்டது; திரையையும் திறந்துவிட்டார்கள். சிறியும் குணம் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் அதற்கு முன்னரே ஆளுக்கொரு தரம் இழுத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். மறுபடியும் கைவைக்கப் போன சிறியை மாமி தடுத்தார்.

"தொடாதையும் தம்பி! சரஸ்வதி பூசையண்டைக்குப் பொட்டு வைச்ச ஆயுதத்தை நாளைக்கு விசயதசமி விடியாமல் ஆரும் எடுக்கப்படாது."

"மாமி, அது இரவல் சாமான். நாலு மணிக்கு முன்னம் குடுக்கவேணும்."

"அம்மன் வாக்குச் சொல்லிப்போட்டா. எல்லாரும் கேட்டது."

"மாமி, அது நான்தானே சொன்னனான்!"

மாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பிள்ளை, சொன்னது நீயில்லை."

என் வாழ்நாளில் ஒரு வாசகர் என் வரிகளை முழுமையாக நம்பியது அன்றுதான். நம்பியதோடு, எழுதியவள் நானல்ல என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டே முக்காலுக்கு மண்டபக் கதவு திறந்தது. மரிசெல். சிவப்பில் வரிவரியாக நெய்த பாவாடை, கழுத்திலும் தலையிலும் மணிச்சரங்கள். கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். கதிரைகளுக்கு நடுவே அவள் நடந்துவர, சனம் தானாக விலகி வழிவிட்டது. (நாடகத்தின் அடுத்த காட்சி என்று சிலர் நினைத்தார்களாம்.) மேடையேறினாள். கோடரியைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஊன்றினனியோ?"

"ஓம்."

"ஏதாவது வெட்டினனியோ?"

"இல்லை."

"பிடுங்கப் பாத்தனீங்களோ?"

"நாலு பேர்."

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் சொன்னாள். "அப்பா செத்தபிறகு இது ஒரு வெளியாளுக்காக என்ரை வீட்டுச் சுவரை விட்டு இறங்கினது ஒருதரம்தான். உனக்காக."

எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆறு அந்த இடத்திலேயே வற்றியது. மிச்சமிருந்த ஆறு மட்டைக் கைகளும் என்னோடு சேர்ந்து தொங்கின. அங்கே ஒரு மண்டபம் நிறைய மணப்பெண்ணின் உறவினர், அடுப்பில் இறைச்சி, முதல் வெட்டுக்குக் கோடரி இல்லை. இங்கே என் வாய்.

"இவ என்ன சொல்லுறா?" என்றார் மாமி.

"கோடரி இப்ப வேணுமாம்."

"நாளைக்குத்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். மரிசெல் தலையசைத்தாள். "நாளைக்கு எண்டாலும் சும்மா பிடுங்கேலாது. ஊன்றினால் வெட்டவேணும். வெட்டின பிறகுதான் அது வரும்."

"இப்ப என்ன சொல்லுறா?"

"ஊன்றின கோடரி ஏதாவது வெட்டாமல் வராதாம், மாமி. அவையின்ரை வழக்கமாம்."

மாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல ஏறியது. பொட்டு வைத்த ஆயுதத்தைப் பார்த்தார். மரிசெலின் மணிச்சரங்களைப் பார்த்தார். பிறகு, இரண்டு நாட்டுச் சட்டப் புத்தகங்களிலும் ஒரே பக்கத்தைக் கண்டுபிடித்த நீதிபதிபோல நிமிர்ந்தார்.

"அட, பலி குடுக்கச் சொல்லுறா! இதை நான் யோசிக்கேல்லையே. ஊன்றின ஆயுதத்துக்குப் பலி குடுத்தால் அம்மன் குளிர்ந்துபோவா. பிறகு எடுக்கலாம், பிழையில்லை. எடி பிள்ளையள், குசினிக்குள்ளை நீத்துப்பூசணி கிடக்கு, கொண்டாங்கோ!"

குழம்புக்கென்று வைத்திருந்த பூசணிக்காய் வந்தது. சாம்பல் பூத்து, ஒரு குழந்தையளவு. அதை நான் மரிசெலிடம் நீட்டினேன்.

"இது போதுமோ?"

மரிசெல் அதைத் தட்டிப் பார்த்தாள். "இதுக்கு ரத்தம் இல்லையே."

"எங்கடை அம்மனுக்கு இதுதான் தலை."

முதன்முறையாக அவள் உதட்டோரம் அசைந்தது. பாவாடையை ஒதுக்கி மேடையில் குந்தினாள். அப்போதுதான் நான் பார்த்தேன். முதுகுக் கூர் பலகைக்குள். பிறை அலகு வானத்தைப் பார்த்தபடி. கைபிடி தரையோடு தரையாக. அவள் ஒரு காலால் கைபிடியை மிதித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பூசணியை ஏந்தி, அலகின்மேல் வைத்து, ஒரு அமுக்கு. காய் இரண்டாகப் பிளந்தது. பிறகு ஒரு பாதியை எடுத்து, தன் பக்கமாக இழுத்து இழுத்து அரிந்தாள். அந்தக் கால், அந்த முதுகு, அந்தத் தோள்: எங்கேயோ பார்த்துப் பழகிய இருப்பு.

மண்டபம் எட்டிப் பார்த்தது. ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னைத் தம்பிதான் முதலில் வாய் திறந்தார். "அப்படியே அரிவாமனைங்க!"

"உங்களுக்கு அது. எங்களுக்கு அரிவாள்," என்று திருத்தினார் மாமி. திருத்திவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு மரிசெலுக்குப் பக்கத்தில் குந்தினார். "அவவைக் கொஞ்சம் தள்ளச் சொல்லு. துண்டு பெரிசாக் கிடக்கு. குழம்புக்கு உப்பிடி வெட்டுறேல்லை."

மற்றப் பாதியை மாமி வெட்டினார். ஒரு கிழமையாகப் புத்தகம் வாசித்த பண்டிதை பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். விறகைப் பற்றிக் கேட்டிருந்தால் அன்றே இது தெரிந்திருக்கும்.

காய் முடிந்ததும் மரிசெல் எழுந்தாள். கைபிடியைப் பிடித்து இழுக்கவில்லை. அரை வட்டம் திருப்பினாள், பூட்டில் சாவி திருப்புவதுபோல. கோடரி வந்துவிட்டது. இழுத்துத் தோற்ற நாலு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணி மூன்றேகால். வேகமாகப் போகச் சிறியின் கார்தான் இருந்தது. என் மட்டைக் கைகள் கார்க் கதவுக்குள் நுழையவில்லை; ஆகவே நான் போகவில்லை. சிறி கரிபூசிய முகத்தோடும் கொம்போடும் போனார். அந்தக் கல்யாணத் தொகுப்பில் இன்றும் ஒரு படம் இருக்கிறது: நடுவில் மணப்பெண், ஒரு பக்கம் மரிசெலின் கையில் குங்குமப் பொட்டு வைத்த தலைக்கோடரி, மறுபக்கம் வைக்கிங் கொம்பு முளைத்த ஒரு கறுத்த அசுரன் பல்லைக் காட்டிக்கொண்டு. சிறி அங்கே சோறும் சலாட்டும் மட்டும்தான் சாப்பிட்டதாகச் சொன்னார். மீசையில் எண்ணெய் மினுங்கியது. (பூசணிக்கு அடுத்ததாக அந்தக் கோடரி எதை வெட்டியது என்பது மாமிக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும்.)

இரண்டு கிழமை மரிசெல் என்னோடு மருந்தையும் கட்டில் விரிப்பையும் பற்றி மட்டும்தான் கதைத்தாள். கேடயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாசலில் வைத்தே வாங்கிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அழகான வசனங்களாகக் கேட்டேன். அதுதான் பிழை என்று பிறகு விளங்கியது. ஒருநாள் வேலைக்கிடையில், வசனமில்லாமல், "அப்பா எப்பிடி விறகு கொத்துவார்?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லி முடிக்க மூன்று இடைவேளைகள் தேவைப்பட்டன. நாலாம் நாள் வேலையிடத்தில் என் உடுப்புப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு பூசணிக்காய்.

மண்டபத்துக் காவலாளி துளைக்கு ஒரு மரமுளை அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் அதை யாரோ கழற்றிவிடுகிறார்கள். மாமியின் கைவிரலில் எனக்குச் சந்தேகம் உண்டு. வாணி விழா வந்தால் அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டும் இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது எது இறுகினாலும், போத்தல் மூடியோ, மின்தூக்கியோ, சுரங்கத்துக்குள் நின்றுபோன மெட்ரோவோ, அபி அமைதியாக ஒரே வசனம் சொல்வாள்: "பூசணிக்காய் கொண்டாங்கோ." அவளுக்கு இப்போது வேலையும் தனி வீடும் உண்டு. சொல்லும்போது அந்தச் சிங்கத்தின் பெருமூச்சு மட்டும் மாறவில்லை.

எனக்கு அதன்பிறகு ஆயுதம் ஏந்தும் பாத்திரம் கிடைக்கவில்லை. குணம் அண்ணை என்னைத் திரை இழுக்க வைத்திருக்கிறார். போன வருடம், நாடகம் உச்சத்தில் நின்றபோது, திரைக்கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். புன்னகையோடு இழுத்தேன். பல்லைக் கடித்து இழுத்தேன். பாதி மூடிய திரைக்கு வெளியே என் முழங்கை மட்டும் சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடையாளம் கண்டுவிட்டார்கள். மண்டபம் முழுக்க ஒரே குரலில் கத்தியது:

"பூசணிக்காய்!"

அத்தனை குரல்களிலும் உரத்த குரல், இரண்டாம் வரிசையில், பாக்கியம் மாமிக்குப் பக்கத்துக் கதிரையிலிருந்து வந்தது. மரிசெலுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அது. அதையும் அவள் யாழ்ப்பாணத்து இழுவையோடுதான் சொல்கிறாள்.